லண்டனில் மூன்று வாரம்: குமரி மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு ஒரு யோசனை

தங்கச்சி மகள் பி.ஏ. வரலாறு இரண்டாம் வருஷம் படிக்கிறாள். போன வாரம் வீட்டுக்கு வந்தவள் போனை நீட்டினாள். "மாமா, இதப் பாருங்க. லண்டன்ல மூணு வாரம் கோடைப் படிப்பு. முடிச்சா சர்ட்டிபிகேட் தருவாவ. போவலாமா?" பின்னாலேயே அவளுடைய அம்மை. "இருக்க நகைய பேங்க்ல வச்சா போதும்னு சொல்லுகா அண்ணே. நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்க."

அவளிடம் அன்றைக்குச் சொன்னதையும், சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்துக் கல்லூரிகளில் படிக்கிற நிறையப் பிள்ளைகளின் போனுக்கு இந்த விளம்பரம் வந்திருக்கும். பெற்றோர்கள் யாரிடம் கேட்பது என்று தெரியாமல் இருப்பார்கள்.

முதலில் காசுக் கணக்கு. லண்டன் கோடைப் படிப்புகளில் பேர்பெற்றது எல்எஸ்இ (லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ்) நடத்துவது. 1989 முதல் நடக்கிறது. ஜூன் நடுவில் தொடங்கி ஆகஸ்ட் வரை, மூன்று மூன்று வாரமாக மூன்று சுற்று. ஒரு பாடத்துக்குக் கட்டணமே 4,000 பவுண்டைத் தாண்டும். நம்ம காசுக்கு நாலரை லட்சத்துக்கு மேல். விடுமுறையில் காலியாகும் மாணவர் விடுதியில் அறை கிடைக்கும், வாடகை தனி. சாப்பாடு தனி. திருவனந்தபுரத்தில் ஏறி தோஹாவிலோ துபாயிலோ மாறிப் போகிற டிக்கெட் தனி. விசா தனி. கூட்டிப் பார்த்தால் ஏழு லட்சத்தை நெருங்கிவிடும். இதைவிடக் குறைந்த கட்டணத்தில் நடத்துகிற பல்கலைக்கழகங்களும் லண்டனில் உண்டு. ஆனாலும் தங்குவதும் தின்பதும் பறப்பதும் எல்லாருக்கும் ஒரே விலைதான். ஏஜெண்ட் யாராவது "ரெண்டு லட்சத்துல முடிச்சிரலாம்" என்று சொன்னால், ஒரு தாளில் கணக்கை எழுதித் தரச் சொல்லுங்கள்.

என் தீர்ப்பை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சர்ட்டிபிகேட்டுக்காக நகையை அடகு வைத்துப் போகக் கூடாது. மூன்று வாரப் படிப்பின் சான்றிதழ் பட்டம் ஆகாது. அதைப் பார்த்து வேலை கொடுத்த நிறுவனம் எதையும் நான் கேள்விப்பட்டதில்லை. அங்கே எழுதுகிற தேர்வின் மதிப்பெண்ணை நம்ம ஊர்க் கல்லூரி கணக்கில் சேர்த்துக்கொள்ளுமா என்பதும் போகிறதற்கு முன்னால் எழுத்தில் வாங்கவேண்டிய பதில். வாய்ச்சொல் போதாது.

உதவித்தொகையில் வாய்ப்பு வந்தால் கதை வேறு. அப்போது யோசிக்கவே வேண்டாம். தமிழ்நாடு அரசின் நான் முதல்வன் திட்டத்தில் ஸ்கவுட் என்று ஒரு பிரிவு இருக்கிறது. 2024 ஜூன் மாதம் அதன் வழியாகக் கல்லூரி மாணவர்கள் 25 பேர் ஒரு வாரப் பயிற்சிக்கு இங்கிலாந்து போனார்கள். செயற்கை நுண்ணறிவும் தரவு அறிவியலும் பாடம். செய்திகளில் லண்டன் என்று வந்தது. அவர்கள் படித்தது டர்ஹாம் பல்கலைக்கழகத்தில். அது லண்டனிலிருந்து வடக்கே ரயிலில் மூன்று மணி நேரத் தூரம். ஜெர்மனியின் டிஏஏடி அமைப்பும் ஜெர்மன் ஓரளவு கற்ற வெளிநாட்டு மாணவர்களுக்குக் கோடைப் படிப்புக்கான உதவித்தொகை கொடுத்து வந்திருக்கிறது. நம்ம ஊரில் நர்சிங் முடித்த பிள்ளைகள் வரிசையாக ஜெர்மன் வகுப்புக்குப் போகிறார்கள். பி.ஏ.வும் பி.எஸ்சி.யும் படிக்கிற பிள்ளைகளுக்கு அந்த யோசனை வருவதில்லை என்பது எனக்கு வருத்தம்.

காசுக்கு வழி பிறந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த கேள்வி, எந்த ஊர், எதற்காக?

தங்கச்சி மகளிடம் இதைத்தான் சொன்னேன். "மக்களே, படிப்பு ஒரு பக்கம் நடக்கட்டும். நம்ம மாவட்டத்தோட காயிதம் எந்த ஊர்ல கெடக்குன்னு பாத்து அந்த ஊருக்குப் போ." அவளுக்குப் புரியவில்லை. விளக்க வேண்டியிருந்தது.

லண்டனையே எடுத்துக்கொள்வோம். மைலாடியைச் சேர்ந்த வேதமாணிக்கம் தஞ்சாவூர் வரை போய்க் கேட்டுக்கொண்டதன் பேரில், லண்டன் மிஷனரி சங்கத்தின் ரிங்கல்தௌபே 1806-இல் தெற்குத் திருவிதாங்கூருக்கு வந்தார். 1809-இல் மைலாடியில் கோவில் எழும்பியது. அவருக்குப் பின்னால் சார்லஸ் மீட், சார்லஸ் மால்ட் என்று ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். நாகர்கோவிலில் பள்ளிக்கூடமும் அச்சுக்கூடமும் வந்தன. மிஷனரிகளின் மனைவிமார் பெண்பிள்ளைகளுக்குப் படிப்போடு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார்கள். 1838-இல் நெய்யூரில் வைத்தியம் தொடங்கியது. மீட் காலத்துச் செமினரி வளர்ந்து 1893-இல் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி ஆயிற்று. இதெல்லாம் நம் ஊரில் எல்லாருக்கும் ஓரளவு தெரிந்த கதை.

தெரியாத பாதி லண்டனில் இருக்கிறது. வந்தவர்கள் எல்லாரும் லண்டனுக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார்கள். பணம் அனுப்புகிறவர்களுக்குக் கணக்குச் சொல்வது அவர்கள் கடமை. அந்தக் கடிதங்களும் அறிக்கைகளும் நாட்குறிப்புகளும் சேர்ந்த மிஷனரி சங்க ஆவணம் இப்போது லண்டன் ரஸ்ஸல் சதுக்கத்தில் இருக்கிற சோவாஸ் நூலகத்தில் பாதுகாப்பாக இருக்கிறது. வெளியாட்களும் பதிவு செய்துகொண்டு, முன்கூட்டியே பெட்டியைக் கேட்டு வைத்துவிட்டுப் போய் வாசிக்கலாம்.

ஆசிரியர்களுக்கான ஒரு குறுகிய கோடைப் படிப்புக்கு நான் லண்டன் போயிருந்த சமயம், காலையில் வகுப்பு, மத்தியானத்துக்கு மேல் இந்த வாசிப்பறை என்று வைத்துக்கொண்டேன். பேனா கூடாது, பென்சில் மட்டும். திருவிதாங்கூர் என்று பேர் எழுதிய பெட்டியைத் திறந்தால் மடிப்பு மடிப்பாகத் தாள்கள். மேல் ஓரத்தில் நாகர்கோவில், நெய்யூர், பாறசாலை என்று ஊர்ப்பேரும் தேதியும். மழை பொய்த்தது, காலரா வந்தது, பள்ளியில் இத்தனை பிள்ளைகள், கூரை மாற்றப் பணம் போதவில்லை என்று பக்கம் பக்கமாக. நான் பிறந்து வளர்ந்த தெருவுக்குப் பக்கத்துத் தெருவில் உட்கார்ந்து யாரோ எழுதியதை அவ்வளவு தூரத்தில் போய் வாசித்தேன். வகுப்பில் கேட்ட பாடங்கள் பல எனக்கு மறந்துபோயின. அந்தத் தாள்களில் ஒன்றும் மறக்கவில்லை.

பெண்கள் மேல்சீலை உடுத்தும் உரிமைக்காக நடந்த தோள்சீலைப் போராட்டம் பற்றிச் சொல்லாமல் இந்தக் காகிதங்களைப் பற்றிப் பேச முடியாது. 1820-களில் கல்குளம், இரணியல் பக்கத்தில் மூண்டது, அடங்கி அடங்கி எரிந்து, 1859 ஜூலை 26-ஆம் தேதி உத்திரம் திருநாள் மகாராஜா பிரகடனம் வெளியிடுகிற வரைக்கும் நீண்டது. அப்போது திவான் டி. மாதவராவ். பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஜெனரல் கல்லன். சென்னையில் கவர்னர் சார்லஸ் ட்ரெவெலியன். மிஷனரிகள் தங்கள் சங்கத்துக்கு எழுதியது சோவாஸில் இருக்கிறது. சென்னை அரசாங்கம் வழியாக லண்டனுக்குப் போனவை பிரிட்டிஷ் லைப்ரரியின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் இருக்கின்றன. ஒரே சம்பவத்தை மிஷனரி ஒரு மாதிரியும் திவான் ஒரு மாதிரியும் ரெசிடெண்ட் ஒரு மாதிரியும் எழுதியிருப்பார்கள். இரண்டு நூலகங்களுக்கும் நடுவே நடக்கிற தூரம்தான். வரலாறு படிக்கிற ஒரு பிள்ளைக்கு இதைவிட நல்ல பாடம் எந்த வகுப்பறையில் கிடைக்கும்?

அந்தத் தாள்களில் ஒரு குறை உண்டு, அதையும் தெரிந்துகொண்டு போக வேண்டும். மேல்சீலை உடுத்ததற்காகச் சந்தையில் அடிபட்ட பெண்களைப் பற்றித்தான் எல்லாரும் எழுதினார்கள். அந்தப் பெண்கள் எழுதியது கிடைப்பது அரிது. நம் பாட்டிமாரின் பாட்டிமார் அங்கே பேசுகிற ஆட்கள் அல்ல, பேசப்படுகிற ஆட்கள். அவர்கள் குரல் எங்காவது ஒரு வரியில், ஒரு சாட்சியத்தில், ஒரு மனுவின் கீழே போட்ட அடையாளத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதைக் கண்டுபிடிக்க இந்த மண்ணில் பிறந்த கண் வேண்டும். இரணியல் சந்தை எங்கே, எந்தச் சாதிக்கு எந்தக் குளத்தில் தண்ணீர் எடுக்க விடவில்லை, எந்த ஊருக்கு எந்த ஊர் பக்கம் என்று தெரிந்த பிள்ளை வாசிப்பதற்கும் மற்றவர்கள் வாசிப்பதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. நம் பிள்ளைகள் போக வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

பிரிட்டிஷ் லைப்ரரியில் இந்தியா ஆபீஸ் ஆவணங்களின் அலமாரிகளை வரிசையாக வைத்தால் 14 கிலோமீட்டர் வரும் என்பார்கள். வாசகர் அட்டைக்குக் காசு கிடையாது. அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் போதும். 2023 அக்டோபரில் நடந்த இணையத் தாக்குதலில் அவர்களுடைய அட்டவணை முடங்கிப்போய், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மீண்டது. அதனால் எது கிடைக்கும் என்று முன்னமே எழுதிக் கேட்டுவிட்டுப் போவது நல்லது. ஈஸ்ட் ஹாமில் சொந்தக்காரர் வீட்டில் தங்குகிற பிள்ளைகளுக்கு ஒரு வசதி: ஹேமர்ஸ்மித் அண்ட் சிட்டி வண்டியில் ஏறினால் மாறாமல் கிங்ஸ் கிராஸ் போய் இறங்கலாம். லைப்ரரி அதற்குப் பக்கத்திலேயே. தாமஸ் டேனியல் வரைந்த குமரி முனைப் படம் ஒன்றும் அங்கே உண்டு. களக்காட்டுப் பக்கமிருந்து பார்த்து வரைந்தது. கடலைத் தேடாதீர்கள், மலைதான் தெரியும்.

லண்டன் வேண்டாம், ஆம்ஸ்டர்டாம் போகிறேன் என்றால் அதற்கும் நம்மிடம் காரணம் இருக்கிறது. 1741-இல் கொளச்சலில் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்தது. பிடிபட்ட டிலனாய் பின்னால் திருவிதாங்கூரின் தளபதியாகி, 1777-இல் இறந்து, உதயகிரிக் கோட்டைக்குள் அடக்கமானார். அவர் கல்லறையில் லத்தீனும் தமிழும் சேர்ந்து இருப்பதைப் புலியூர்க்குறிச்சி போனவர்கள் பார்த்திருப்பீர்கள். அந்தச் சண்டையைத் தோற்றவர்கள் எப்படி எழுதினார்கள்? டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆவணம் ஹேக் நகரத்துத் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது, ஒரு கிலோமீட்டருக்கும் அதிகமான அடுக்குகளில். ஆம்ஸ்டர்டாமிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம். இதில் பெரும்பகுதியைப் படம் எடுத்து இணையத்தில் போட்டிருக்கிறார்கள். குளோபலைஸ் என்ற திட்டத்தில் ஏறத்தாழ 50 லட்சம் பக்கங்களைக் கணினியை வைத்து எழுத்துப்பெயர்க்கிற வேலை நடந்தது. ஆகவே தாளைப் பார்ப்பதற்காக மட்டும் டிக்கெட் எடுக்க வேண்டாம், கொளச்சல் கடற்கரையில் உட்கார்ந்து போனிலேயே பார்க்கலாம். அந்தக் காலத்து டச்சுக் கையெழுத்தை வாசிக்கக் கற்றுக்கொடுக்கிற படிப்பாக இருந்தால் போங்கள். நம் மாவட்டத்தில் அதை வாசிக்கத் தெரிந்த ஒரு ஆள் உருவானால் கொளச்சல் போரின் வரலாற்றை நாமே எழுதலாம்.

மற்ற ஊர்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1544-இல் நம் கடற்கரையில் ஊர் ஊராக நடந்த சவேரியாரின் கடிதங்களைப் பற்றிக் கேட்டால் ரோமில் இயேசு சபையின் ஆவணக் காப்பகத்தைச் சொல்வார்கள். நட்டாலத்துத் தேவசகாயத்தை 2022 மே 15-ஆம் தேதி புனிதராக அறிவித்ததும் அங்கே, வத்திக்கானில். லிஸ்பனில் 1554-இல் ரோமன் எழுத்தில் அச்சான தமிழ் நூல், முதன்முதலில் அச்சேறிய தமிழ், இன்றும் அந்த நகரத்தில் இருக்கிறது. பெர்லினுக்குப் போகிற பிள்ளைக்கு செண்பகராமன் பிள்ளை. நாஞ்சில் நாட்டுக் குடும்பத்தில் 1891-இல் திருவனந்தபுரத்தில் பிறந்து, பதின்வயதிலேயே ஐரோப்பாவுக்குப் போய், அங்கிருந்தே வெள்ளைக்காரனை எதிர்த்து, 1934-இல் பெர்லினில் இறந்தவர். அவருடைய அஸ்தி 1966-இல்தான் இந்தியக் கடற்படைக் கப்பலில் கொச்சிக்கு வந்தது. முதல் உலகப் போர்க் காலத்து இந்தியப் புரட்சிக்காரர்களைப் பற்றிய கோப்புகள் பெர்லினில் ஜெர்மன் வெளியுறவுத் துறையின் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அவரைப் பற்றி நம் ஊரில் சொல்லப்படுகிற கதைகளில் எது நடந்தது, எது பிற்பாடு சேர்ந்தது என்று பிரித்துப் பார்க்க விரும்புகிறவர்கள் அங்கேதான் போக வேண்டும்.

இவ்வளவும் கேட்டுவிட்டு தங்கச்சி மகள், "அப்ப உடனே அப்ளை பண்ணட்டுமா மாமா?" என்றாள். "இல்ல மக்களே, முதல்ல திருவனந்தபுரம்" என்றேன். 1956 நவம்பர் 1 வரைக்கும் நாம் முதலில் திருவிதாங்கூர், பிறகு திரு-கொச்சி. அதற்கு முந்தைய அரசாங்கத் தாள்களில் பெரும்பாலானவை திருவனந்தபுரத்து மாநில ஆவணக் காப்பகத்தில் கிடக்கின்றன. பஸ்ஸில் இரண்டு இரண்டரை மணி நேரம். அங்கே போய் ஒரு கோப்பைக் கூடப் பார்க்காத பிள்ளை லண்டனில் பெட்டியைத் திறந்தால் எங்கே தொடங்குவது என்று திகைத்து நிற்கும், மூன்று வாரம் ஓடிவிடும். அழகியபாண்டியபுரம் பெரியவீட்டு முதலியார் ஓலைகளைக் கவிமணி தேடிப் பிடித்துப் படியெடுத்தார், அ.கா. பெருமாள் அவற்றைப் பதிப்பித்துப் புத்தகமாகவும் தந்திருக்கிறார். நிலம், வரி, அடிமை விற்பனை என்று நம் ஆட்கள் நம் எழுத்தில் எழுதியது அது. அதை வாசித்துவிட்டு, சாமுவேல் மட்டீர் 1871-இல் திருவிதாங்கூரைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய புத்தகத்தையும் இணையத்தில் இறக்கி வாசித்துவிட்டு, அதற்குப் பிறகு விண்ணப்பம் போடட்டும்.

நடைமுறை விஷயங்கள் சில. நமக்குக் கோடை விடுமுறை ஏப்ரல், மே. அவர்களுக்கு ஜூன் நடுவிலிருந்து ஆகஸ்ட். நம் ஊரில் சாரல் அடித்துக் கல்லூரி திறந்து வகுப்பு நடக்கிற காலம் அது. வருகைப் பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போனால் இங்கே தேர்வே எழுத முடியாமல் போகலாம். துறைத்தலைவரிடமும் முதல்வரிடமும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். இங்கிலாந்துக்குச் சாதாரண வருகையாளர் விசாவிலேயே, அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் ஆறு மாதம் வரை படிக்கலாம். மூன்று வாரத்துக்கு மாணவர் விசா தேவையில்லை. ஜெர்மனி, நெதர்லாந்து போன்ற ஷெங்கன் நாடுகளுக்கு வேறு விதி. 180 நாளில் 90 நாள் தங்கலாம். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்னாலிருந்து விண்ணப்பிக்கலாம், 15 நாளுக்குக் குறைவாக வைத்துக்கொள்ளக் கூடாது. பெரியவர்களுக்கு 2024 ஜூன் முதல் விசாக் கட்டணம் 90 யூரோ. படிப்புக்காகப் போகிற மாணவர்களுக்கு அந்தக் கட்டணத்தை வாங்கக் கூடாது என்று அவர்கள் சட்டத்திலேயே இருக்கிறது. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் மட்டும் கட்ட வேண்டியிருக்கும். இதைத் தெரியாமல் காசைக் கட்டிவிடாதீர்கள். 

மூன்று வாரத்தில் என்ன பெரிதாகக் கண்டுவிட முடியும் என்று கேட்கிறவர்களுக்கு நெய்யூர்க்காரர்கள் பதில் சொல்வார்கள். 1922 எவரெஸ்ட் பயணம் முடிந்து இந்தியாவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பிய ஹோவர்ட் சாமர்வெல், நெய்யூர் ஆஸ்பத்திரிக்குச் சும்மா பார்க்க வந்தவர். கூட்டம் கூட்டமாக நோயாளிகள், தகுதி பெற்ற சர்ஜன் ஒரே ஒருவர். லண்டனில் அவருக்குக் காத்திருந்த மருத்துவ வாழ்க்கையை விட்டுவிட்டு இங்கேயே வேலைக்கு வந்து, இருபது வருஷத்துக்கு மேல் கத்தி பிடித்தார். நடுவில் 1924-இல் மறுபடி எவரெஸ்டுக்குப் போய் 28,000 அடி வரை ஏறினார். அந்தப் பயணங்களின் படங்கள் லண்டனில் ராயல் ஜியோகிராபிகல் சொசைட்டியில் இருக்கின்றன. நெய்யூரில் படித்த நர்சிங் பிள்ளைகள் லண்டனில் எத்தனையோ பேர் வேலை பார்க்கிறார்கள். ஒரு லீவு நாளில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

கல்லூரி நடத்துகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். வருஷத்துக்கு ஒரு பிள்ளை, ஒரே ஒரு பிள்ளை, ஒரு தெளிவான கேள்வியோடு இந்த ஊர்களில் ஒன்றுக்குப் போய் வர முன்னாள் மாணவர்களிடம் பணம் திரட்டுங்கள். வெளிநாட்டில் வேலை பார்க்கிற நம் ஆட்கள் கோவில் கொடைக்கும் சபைக் கட்டடத்துக்கும் தருகிறார்கள். கேட்டால் இதற்கும் தருவார்கள். போய் வருகிற பிள்ளை எடுத்து வரும் படங்களையும் பெட்டி எண்களையும் கல்லூரி நூலகத்தில் வையுங்கள், அடுத்த பிள்ளை அங்கிருந்து தொடங்கட்டும்.

தங்கச்சி மகள் இந்த வருஷம் போகவில்லை. நகை வீட்டில் இருக்கிறது. சனிக்கிழமைகளில் திருவனந்தபுரம் போய் வருகிறாள்; அடுத்த வருஷ உதவித்தொகைக்கு எழுதப்போகிறாள். இந்தக் கோடையில் லண்டனோ பெர்லினோ ஹேக்கோ போகிற குமரி மாவட்டத்துப் பிள்ளைகள் யாராவது இதை வாசித்தால் கீழே எழுதுங்கள். உங்கள் ஊர் எது என்று சொன்னால் எங்கிருந்து தேடத் தொடங்கலாம் என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.